போர்தோவில் நாலு நாள், அதுவும் புரட்டாசியில்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

கோட்டையூர்ப் பட்டாலை:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் பிரான்ஸ் போகிறோம். பாரிஸை முடித்துக்கொண்டு போர்தோவில் நாலு இரவு. சனிக்கிழமை மதியம் ரயிலில் போய் இறங்கி, புதன் காலை கிளம்புகிறோம். அப்பச்சி, ஆத்தா, வீட்டுக்காரர், நான். ஆத்தாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார்கள், படி என்றால் கஷ்டம். அப்பச்சி குன்றக்குடி மலை ஏறி இறங்குகிற ஆள், அவரைப் பற்றிக் கவலை இல்லை.

எந்தப் பகுதியில் ரூம் போட்டால் நல்லது? கார் எடுக்காமல் திராட்சைத் தோட்டம் பார்க்க முடியுமா? அந்தப் பெரிய ஒயின் மியூசியத்துக்குக் கொடுக்கிற காசு தகுமா? ஆத்தாவும் அப்பச்சியும் குடிக்கமாட்டார்கள், அவர்களுக்கு ஊரில் என்ன இருக்கிறது? கடைசியாகச் சாப்பாடு. புரட்டாசி என்பதால் நாலு பேருக்கும் கவுச்சி கிடையாது, முட்டையும் ஆகாது. (ஒயின் மட்டும் ஆகுமா என்று யாரும் கேட்க வேண்டாம். அதை நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம்.)

ஆத்தங்குடிச் சில்லு:

ஆச்சி, போர்தோவை ஒயின் ஊர் என்று மட்டும் நினைத்துப் போனால் பாதிதான் கண்ணில் படும். நடு ஊரில் திராட்சைக் கொடியே கிடையாது. அது துறைமுகம், வியாபாரிகள் கட்டின ஊர். கரோன் ஆறு அங்கே பிறை மாதிரி வளைவதால் ‘நிலாத் துறைமுகம்’ என்று பெயர். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் அந்தப் பெயரில்தான். 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் வியாபாரத்தில் வந்த பணத்தை அப்படியே சுண்ணாம்புக்கல்லில் இறக்கியிருக்கிறார்கள். கானாடுகாத்தான் தெருவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஆற்றங்கரை வீட்டு வரிசை சட்டென்று பிடிபடும். நம் முகப்பில் கஜலட்சுமி என்றால், அவர்கள் ஜன்னல் வளைவின் நடுக்கல்லில் ஒரு முகம் செதுக்கியிருப்பார்கள். மஸ்கரோன் என்று பெயர். தாடி வைத்த கடல்தெய்வம், சிங்கம், திராட்சைக்குலை சூடிய ஒயின் தெய்வம் பாக்கஸ், சில வீடுகளில் ஆப்பிரிக்க முகங்கள். இந்தக் கடைசி வகை ஏன் வந்தது என்பதை அக்கித்தேன் மியூசியத்தில் பார்க்கலாம். பிரெஞ்சு அடிமை வியாபாரத் துறைமுகங்களில் நாந்த் நகரத்துக்கு அடுத்தபடி முன்வரிசையில் இருந்தது போர்தோ. ஆட்களைப் பிடித்துக் கரீபியத் தீவுகளுக்கு அனுப்பியதும், அங்கே அவர்கள் விளைவித்த சர்க்கரையும் காப்பியும் திரும்பி வந்ததும் அந்த அறைகளில் மழுப்பாமல் சொல்லப்பட்டிருக்கிறது. அப்பச்சி மாதிரி ஆட்களுக்கு ஒயின் மியூசியத்தைவிட இதுதான் பிடிக்கும். திங்கள்கிழமை மூடியிருக்கும்.

தங்குவதற்கு கேன்கோன்ஸ் மைதானத்திலிருந்து ஷார்த்ரோன் வரையுள்ள பகுதி. காரணம் ட்ராம். பி, சி இரண்டு லைனும் கேன்கோன்ஸில் சந்திக்கின்றன. சி லைன் ரயில் நிலையத்துக்குப் போகிறது, பி லைன் ஒயின் மியூசியம் வாசலுக்கே போகிறது. சேன் ழான் ரயில் நிலையத்தை ஒட்டி ரூம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ராத்திரி அந்தப் பக்கம் அவ்வளவு சுகமில்லை, தினமும் இரண்டு தடவை ட்ராம் வேறு ஏற வேண்டும். பழைய கல் வீடுகளை அபார்ட்மென்டாக வாடகைக்கு விடுகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும், நேரில் போனால் மூன்றாம் மாடிக்கு வளைந்த கல்படி மட்டும்தான் இருக்கும். புக் செய்யும்முன் ‘அசான்ஸர்’ உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லிஃப்டுக்கு அவர்கள் சொல் அதுதான்.

ரயில் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து. 2017-இல் புதுப் பாதை திறந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். சீக்கிரம் எடுத்தால் டிக்கெட் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும், கடைசி வாரத்தில் கொள்ளை விலை. ‘உய்கோ’ என்கிற மலிவு ரயிலில் பெட்டி அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, நம் சூட்கேஸ் கணக்குக்கு அது ஒத்துவராது.

ட்ராமில் ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் காட்ட வேண்டும், ஒரு ட்ராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் மறுபடி காட்ட வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் காட்டாததால் அபராதம் கட்டுகிறவர்கள் நிறைய. ட்ராமுக்கு மேலே கம்பியே இல்லையே என்று அப்பச்சி கேட்பார். பழைய நகரத்துக்குள் கரண்ட் தண்டவாளத்தின் நடுவே தரையில் ஓடுகிறது, வண்டி மேலே நிற்கிற துண்டுக்கு மட்டும் மின்சாரம் வரும். 2003-லிருந்து இப்படித்தான். போட்டோவில் கம்பி குறுக்கே வராததற்கு அதுதான் காரணம்.

நடு ஊர் முழுக்கச் சமதரை, ஆத்தாவுக்கு அது பெரிய உபகாரம். ஞாயிறு காலை பெரிய நாடக அரங்கிலிருந்து ஆரம்பியுங்கள். 1780-இல் விக்தோர் லூயி கட்டியது, முன்னால் 12 தூண், மேலே 12 சிலை: ஒன்பது கலைத்தேவிகள், மூன்று தெய்வங்கள். அங்கிருந்து ஆற்றோரமாக பூர்ஸ் சதுக்கம். அதற்கு எதிரே உள்ள நீர்க்கண்ணாடி 2006-இல் வந்தது. 3,450 சதுர மீட்டர் கிரானைட் தளத்தில் வெறும் 2 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும், பிறகு வடிந்து பனிப்புகை மாதிரி சாரல் எழும், மறுபடி தண்ணீர். கட்டடம் முழுதாகத் தண்ணீரில் தெரிய வேண்டுமானால் சாரல் அடங்கி, தண்ணீர் நிறைந்து, காற்றில்லாமல் இருக்க வேண்டும். விளக்கு போட்ட கையோடு, வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது போங்கள். குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், செப்டம்பரில் ஓடும். தளம் வழுக்கும், ஆத்தா ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம்.

ஆறு காவி நிறத்தில் கலங்கலாக இருப்பதைப் பார்த்துச் சாக்கடை கலக்கிறது என்று நினைக்க வேண்டாம். கடலின் ஏற்றவற்றம் போர்தோ வரைக்கும் வருகிறது, வண்டல் அடங்குவதே இல்லை. சில மணி நேரம் ஆறு மேல்நோக்கி ஓடுவதைக்கூடப் பார்க்கலாம்.

பிறகு கய்யோ வாசல், சேன் பியேர் தெருக்கள், கதீட்ரல். கதீட்ரலின் மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். மணியின் அதிர்வு கட்டடத்தைத் தாக்கக்கூடாது என்று 15-ஆம் நூற்றாண்டில் தனியாகக் கட்டினார்கள். 230 படிக்குப் பக்கம், குறுகலான சுழல்படி, லிஃப்ட் கிடையாது. அப்பச்சி மட்டும் ஏறட்டும். 1137-இல், போர்தோவும் சேர்ந்த அக்கித்தேன் நாட்டின் இளவரசி எலினோர் பிரெஞ்சு இளவரசனை மணந்தது இந்தக் கோயிலில். அது முறிந்து 1152-இல் அவர் மணந்த ஹென்றி, இங்கிலாந்து அரசனானான். போர்தோ அப்படித்தான் 1453 வரை ஆங்கிலேயர் கையில் இருந்தது. போர்தோ ஒயினுக்கு லண்டன் சந்தை பிடித்ததும் இதனால்தான்.

செக்காலை ரோடு:

மேலே சொன்னதில் பெரும்பாலும் சரி. ஒன்றிரண்டு சேர்க்கிறேன், ஒன்றை மறுக்கிறேன்.

ஒயின் மியூசியத்தை இப்படிக் கழித்துக்கட்ட வேண்டாம். பெயர் ‘சித்தே து வேன்’. (அங்கே வேன் என்றால் ஒயின், மாருதி வேன் இல்லை.) 2016-இல் திறந்தது, 55 மீட்டர் உயரம், டிகாண்டர் குடுவையை முறுக்கின மாதிரி ஒரு கட்டடம். பழைய பொருள் எதுவும் கிடையாது, ஒயினும் அங்கே தயாராவதில்லை. காதில் ஒரு கருவி மாட்டிக்கொண்டு திரைகளையும் வாசனைக் குடுவைகளையும் பார்க்கிற இடம். அந்த வாசனைப் பகுதி நிஜமாகவே நன்றாக இருக்கும், குடிக்காதவர்களுக்கும் புரியும். இரண்டரை மணி நேரம் வேண்டும். டிக்கெட்டிலேயே எட்டாவது மாடியில் ஒரு கிளாஸ் ஒயின் சேர்த்தி, குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு. லிஃப்டில் போய் முழு ஊரையும் பார்க்கலாம் என்பதால், மணிக்கூண்டு ஏறாத ஆத்தாவுக்கு இதுதான் மணிக்கூண்டு. ஆனால் நீங்கள் இருவரும் ஒரு நல்ல ஷாத்தோ (ஒயின் தயாரிக்கிற தோட்டப் பண்ணை) போகப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு இது இரண்டாம்பட்சம். மூத்தவர்கள் இருவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் ஷார்த்ரோன் தெருக்களைச் சுற்றலாம். பழைய ஒயின் மொத்த வியாபாரிகளின் கிடங்குகள் அங்கேதான்.

பக்கத்திலேயே ஜெர்மன்காரன் இரண்டாம் உலகப்போரில் கட்டின நீர்மூழ்கித் தளம் இருக்கிறது, 2020 முதல் அதற்குள் சுவர் முழுக்க ஓவியங்களை ஒளியில் காட்டுகிறார்கள். இருட்டு, தண்ணீர் ஓரம் நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

ஆத்தாவுக்காகச் செய்ய வேண்டியது ஆற்றுப் படகு. பாட் என்று டிராம் கம்பெனியே ஓட்டுகிறது, ட்ராம் டிக்கெட்டிலேயே ஏறலாம். ஆற்று நடுவிலிருந்து அந்த முகப்பு வரிசையைப் பார்ப்பதற்குச் சுற்றுலாப் படகுக்குத் தண்டம் அழ வேண்டியதில்லை. கல்பாலமும் தெரியும். 1822-இல் முடிந்தது, 17 வளைவு. ‘நெப்போலியன் போனபார்த்’ என்பதைப் பிரெஞ்சில் எழுதினால் 17 எழுத்து என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது தோட்டம். செப்டம்பர் கடைசி என்றால் அறுவடை. பார்க்க அதுதான் நல்ல காலம், உள்ளே விட அதுதான் மோசமான காலம். மெர்லோ வகைத் திராட்சை பறித்து முடிகிற சமயம், கபர்னே வகை ஆரம்பிக்கிற சமயம், எல்லோரும் வேலையில் இருப்பார்கள். பெயர்பெற்ற ஷாத்தோக்களில் பல அந்த மூன்று வாரம் வெளியாளை எடுப்பதில்லை. முன்பதிவில்லாமல் வாசலில் போய் நின்றால் கதவு திறக்காது, இது கோடையிலும் அப்படித்தான். இப்போதே மூன்று நாலு இடத்துக்கு மெயில் போடுங்கள்: தேதி, ஆள் எண்ணிக்கை, ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டுவார்களா, படி எத்தனை. ஒன்று பதில் தரும். மெதோக் என்கிற தோட்டப் பகுதியில் ஞாயிறு பல இடம் மூடல்.

கார் இல்லாமல் என்றால் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சாந்தெமிலியோன் என்கிற ஊர்தான், மெதோக் வேண்டாம். மெதோக்கில் ரயில் உண்டு, ஆனால் நிலையத்திலிருந்து ஷாத்தோ ஒவ்வொன்றும் வெகுதூரம், வெயிலில் சாலையோர நடை. அங்கே போகத்தான் வேண்டுமென்றால் சுற்றுலா அலுவலகம் ஏற்பாடு செய்கிற அரைநாள் மினிபஸ். சொந்தமாகக் கார் ஓட்டிப் போய் ருசி பார்க்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரான்ஸில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். மூன்று இடத்தில் விழுங்கினால் தாண்டிவிடும்.

சாந்தெமிலியோனுக்கு சேன் ழானிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ரயில். பிரச்சினை இறங்கின பிறகு. நிலையம் ஊருக்கு வெளியே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம், டாக்ஸி நிற்காது. ஆத்தாவோடு போகிறவர்கள் லிபூர்ன் நிலையத்திலேயே இறங்கி டாக்ஸி பிடிப்பது நல்லது. எல்லா ரயிலும் அங்கே நிற்கும், தூரம் 8 கிலோமீட்டர் போல. திரும்பும் டாக்ஸிக்கும் அப்போதே சொல்லிவையுங்கள். ஊர்த் தெருக்கள் செங்குத்து, உருண்டைக் கல் பாவியது, மழை பெய்தால் சோப்புப் போட்ட மாதிரி. ஆத்தாவை மேல் ஊரில், மணிக்கோபுரம் இருக்கிற சதுக்கத்தில் இறக்கிவிடுங்கள், அங்கிருந்து பார்த்தாலே கீழ் ஊரும் தோட்டங்களும் தெரியும்.

கோபுரத்துக்குக் கீழே ஒரே பாறையைக் குடைந்து செய்த சர்ச். பிள்ளையார்பட்டி குடைவரைக்குப் பழகினவர்களுக்கு உள்ளே போனதும் ஒரு சொந்தம் தெரியும். ஒரு வித்தியாசம், இது மென்மையான சுண்ணாம்புக்கல், தண்ணீர் கசிந்து தூண் நைந்ததால் இரும்புப் பட்டை கட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள், டிக்கெட் சுற்றுலா அலுவலகத்தில், ஆங்கிலக் குழுவுக்கு நேரம் தனி. ஊருக்கு அடியிலேயே கல் வெட்டினார்கள், அந்தச் சுரங்கங்கள்தான் இன்று ஒயின் கிடங்கு. 1999-இல் ஊரும் சுற்றியுள்ள தோட்டங்களும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

கும்மாயம்:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுகிற இடம் அதுதான்.

‘வெஜிடேரியன்’ என்றால் மீனும் முட்டையும் சேரும் என்று நினைக்கிற சமையல்காரர்கள் உண்டு. ஒரு அட்டையில் பிரெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள்: ஸான் வியாந்த், ஸான் புவாசோன், ஸான் எஃப். கறி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். சூப் என்றால் ‘புய்யோன்’ எதில் என்று கேளுங்கள், காய்கறி சூப்பிலும் கோழிச் சாறுதான் அடியில் இருக்கும்.

முட்டை ஒளிந்திருக்கிற இடங்கள்: குருவாசானுக்கு மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவார்கள், பிரியோஷ் ரொட்டி, க்ரேப், கீஷ், சாண்ட்விச்சில் மயோனைஸ், புதிதாகப் பிசைந்த பாஸ்தா. ‘பாகெத் த்ரதிஸியோன்’ என்று கேட்டு வாங்கினால் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அவ்வளவுதான், பயமில்லை. ஊரின் பெயர்போன பலகாரம் கனெலே. நெளிநெளியான செம்பு அச்சில் தேன்மெழுகு தடவிச் சுடுவது, வெளியே கருகின மாதிரி கரும்பழுப்பு, உள்ளே நம்ம கும்மாயம் பதம். பால், மாவு, சர்க்கரை, வெனிலா, ரம், முட்டை மஞ்சள். ஆக அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் இரண்டு காரணத்தால் ஆகாது. சாந்தெமிலியோனில் மக்கரோன் என்று பாதாம் பிஸ்கட் விற்கும், அதில் வெள்ளைக்கரு.

அந்த மாதத்தில் கிடைப்பதில் நம்மவருக்கு ஏற்றது செப் காளான், அங்கே இலையுதிர்காலப் பெருமையே அதுதான். பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்குவார்கள். எண்ணெயிலா வாத்துக்கொழுப்பிலா என்று கட்டாயம் கேளுங்கள், அந்தப் பக்கம் வாத்துக்கொழுப்பு நம்மூர் நல்லெண்ணெய் மாதிரி. சேன் மிஷேல் பகுதியில் மொராக்கோ, துருக்கிக் கடைகள் உண்டு, பலாஃபல், ஹும்முஸ் கிடைக்கும். காய்கறி கூஸ்கூஸ் என்பதில் காய் மட்டும் தனியாக இருக்கும், குழம்பு ஆட்டுக்கறியோடு கொதித்ததாக இருக்கலாம்.

மதியம் 12 முதல் 2 வரை, இரவு ஏழரைக்கு மேல். இடையில் அடுப்பு அணைந்துவிடும். 2.15-க்குப் போய் உட்கார்ந்தால் காப்பிதான். கடைக்குள் நுழையும்போது ‘போன்ழூர்’ சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். தண்ணீர் ‘யூன் கராஃப் தோ’ என்று கேட்டால் இலவசம், வெறும் தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

கொண்டுபோவது: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மிளகுப் பொடி, வெண்ணெய் போடாத தேன்குழல் எல்லாம் சரி. நெய், பால்கோவா, தயிர், எந்த வகைப் பால் பொருளும் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் எடுத்துப்போகக்கூடாது. கறியும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாங்காய் சான்றிதழ் இல்லாமல் ஆகாது, காய வைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் கருவாடு 20 கிலோ வரை அனுமதி, ஆனால் உங்களுக்குத்தான் புரட்டாசி ஆயிற்றே.

அரிசி, தயிர், வெண்ணெய் அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். காய்கறிக்கு கப்புசேன் சந்தை, காலையில், திங்கள் விடுமுறை. ஞாயிறு மதியத்துக்கு மேல் பெரும்பாலான கடை மூடிவிடும், சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் வாங்கி வையுங்கள்.

பர்மாத் தேக்கு:

ஒயின் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இது.

ஆற்றுக்கு இடக்கரை மெதோக், கிராவ்: சரளை மண், தண்ணீர் நிற்காது, பகல் சூட்டைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும், தாமதமாகப் பழுக்கிற கபர்னே சொவினோனுக்கு அது வேண்டும். வலக்கரை சாந்தெமிலியோன், பொமரோல்: களிமண், சுண்ணாம்புக்கல், குளிர்ச்சியான மண், சீக்கிரம் பழுக்கிற மெர்லோ. இடக்கரை ஒயின் இளமையில் நாக்கைப் பிடிக்கும், கடுக்காய் மென்ற மாதிரி. வலக்கரை மிருது. முதல்முறை ருசிப்பவர்களுக்கு வலக்கரைதான் இணக்கம். தெற்கே சோதேர்ன், அங்கே தித்திப்பு வெள்ளை. சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோனில் சேரும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும், அதில் பழத்தில் ஒரு பூஞ்சை பிடித்து நீர் வற்றி இனிப்பு திரளும். மதியம் வெயில் வராவிட்டால் அதே பூஞ்சை அழுகலாகிவிடும். அதனால் பறிப்பவர்கள் ஒரே வரிசைக்கு ஐந்தாறு தடவை திரும்ப வருவார்கள்.

பட்டாலை ஆச்சி கேட்க வேண்டாம் என்ற புரட்டாசி ஒயின் விஷயத்துக்கு ஒரு துணுக்கு. சிவப்பு ஒயினைத் தெளிய வைக்க வெள்ளைக்கரு ஊற்றுவது போர்தோவின் பழைய முறை: 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளை. அது கடுப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். மிஞ்சின மஞ்சள்கருதான் கனெலேயாக மாறியது என்று ஊரில் கதை. எல்லா இடத்திலும் இப்போது அப்படி இல்லை, வடிகட்டாமல் விடுகிறவர்களும் பட்டாணிப் புரதம் போடுகிறவர்களும் உண்டு. ருசி பார்க்கும் இடத்தில் ‘கோலாழ்’ (இந்தத் தெளிய வைக்கிற வேலை) எதில் செய்கிறீர்கள் என்று கேளுங்கள், உடனே பதில் வரும். ‘வேகன்’ என்று லேபிளில் போட்டிருந்தால் கவலையே இல்லை.

ருசி பார்ப்பது என்றால் கிளாஸில் இரண்டு மடக்கு அளவு, மூன்று வகை. தண்டைப் பிடித்துச் சுழற்றி முகர்ந்து, வாயில் உருட்டி, பக்கத்தில் உள்ள வாளியில் துப்பலாம். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே அதுதான் தொழில்முறை. வெறும் வயிற்றில் காலை பத்து மணி டூர் போட வேண்டாம். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் மூக்கும் பக்கத்துக்காரர் மூக்கும் சேர்ந்து கெடும்.

வாங்கும்போது லேபிளில் ஏமாறுகிற இடம் இரண்டு. ‘க்ரான் வேன் த போர்தோ’ என்பது தரம் இல்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம். ‘சாந்தெமிலியோன் க்ரான் க்ரூ’ வேறு, ‘க்ரான் க்ரூ க்ளாஸே’ வேறு. முதலாவது வெறும் பிறப்பிடப் பெயர், நூற்றுக்கணக்கான பேர் அதில் வருவார்கள், இரண்டாவதுதான் தரப்பட்டியலில் ஏறினது. மெதோக் பட்டியல் 1855-இல் போட்டது, அதன் பிறகு நடந்த ஒரே பெரிய மாற்றம் 1973-இல் முத்தோன் ரோட்சில்ட் முதல் வரிசைக்கு ஏறியது. அந்தப் பெயர்களைத் துரத்தாமல் பெயர் தெரியாத ஊரில் ஒரு நல்ல குடும்பத் தோட்டத்தில் வாங்கினால் நம் பர்ஸ் பிழைக்கும்.

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர்தான் தீர்வையில்லாமல். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது எடுத்தால் 2.25, மிச்சத்துக்குச் சுங்கம். கைப்பையில் ஆகாது, செக்-இன் பெட்டியில் துணி சுற்றி நடுவில். காரைக்குடி வெக்கையில் அலமாரியில் வைத்தால் கார்க் வெளியே தள்ளிக் கசியும். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்கப் போட்டு, பொங்கலுக்குள் திறந்துவிடுங்கள்.

கோட்டையூர்ப் பட்டாலை:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். திங்கள், செவ்வாய் இரண்டில் சாந்தெமிலியோனை எதில் வைப்பது? கும்மாயம் ஆச்சி, வீட்டிலிருந்து மூன்று லிட்டர் குக்கரும் சின்ன மிக்ஸியும் எடுத்துப்போகலாமா?

ஆத்தங்குடிச் சில்லு:

திங்கள். அக்கித்தேன் மியூசியமும் கப்புசேன் சந்தையும் அன்று மூடல், ஊருக்குள் இருந்தால் நாள் வீண். ஞாயிறு காலை ஷார்த்ரோன் ஆற்றோரச் சந்தை, சேன் மிஷேலில் பழைய பொருள் சந்தை, பிறகு மேலே சொன்ன நடை. செவ்வாய் காலை அக்கித்தேன் மியூசியம், மதியம் படகிலேயே சித்தே து வேன். மழை வந்தால் திங்களையும் செவ்வாயையும் மாற்றாதீர்கள், சாந்தெமிலியோனில் சர்ச், கிடங்கு எல்லாம் பாறைக்குள்தான். ஆத்தாவுக்கு மட்டும் ரப்பர் அடியுள்ள செருப்பு.

செக்காலை ரோடு:

விசா இன்னும் போடவில்லை என்றால் இதை முதலில் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை மாதங்களில் ஸ்லாட் கிடைப்பது அரிது. சென்னையில் ஸ்லாட் கிடைக்காவிட்டால் புதுச்சேரி மையத்தையும் பாருங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பின பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். மூத்தவர்கள் பாஸ்போர்ட்டில்தான் இது இடிக்கும்.

கும்மாயம்:

அபார்ட்மென்டில் இன்டக்‌ஷன் அடுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு அலுமினியக் குக்கர் அதில் சூடேறவே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டினால் எடுத்துப் போங்கள், ஒட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். மிக்ஸிக்கு வோல்டேஜ் ஒன்றுதான், 230. ஆனால் நம் மூன்று முள் பிளக் அந்த வட்டக் குழிக்குள் போகாது, அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரின் இரண்டு முள் பிளக் பெரும்பாலும் அப்படியே சேரும். மிக்ஸிக்குப் பதில் இங்கேயே பொடியாக அரைத்துக்கொண்டு போனால் பெட்டியில் இரண்டு கிலோ மிச்சம், அதில் பாட்டில் வைத்துக்கொள்ளலாம்.